மூன்று சென்ட், இருபது சென்ட்: விசித்திர மதிப்புள்ள அமெரிக்கக் காசுகளை ரசிப்பது எப்படி?

அரை சென்ட், இரண்டு சென்ட், மூன்று சென்ட், இருபது சென்ட், மூன்று டாலர். அமெரிக்கா ஒரு காலத்தில் அச்சிட்டுப் பின்னர் கைவிட்ட இந்தக் காசுகளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது விலையை. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். எந்த அரசும் விளையாட்டுக்காக மூன்று சென்ட் காசு அடிப்பதில்லை. விசித்திரமாகத் தெரியும் ஒவ்வொரு மதிப்பும் அன்றைய மக்களின் அன்றாடக் கணக்கு ஒன்றுக்கு அரசு எழுதிப் பார்த்த விடை. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டால் காசு பேசத் தொடங்கிவிடும். இவற்றை ரசிக்க அதுவே சரியான வழி என்பது என் வாதம்.

முதல் சான்று மூன்று சென்ட் வெள்ளிக்காசு. 1851 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம், முன்கூட்டியே செலுத்தும் கடிதக் கட்டணத்தை 5 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாகக் குறைத்தது. அதே சட்டம்தான் இந்தக் காசுக்கும் அனுமதி தந்தது. ஆக, தபால்தலையின் விலையே காசின் மதிப்பானது. அரை சென்ட்டின் கதை இன்னும் தெளிவானது. அமெரிக்கக் கடைகளில் அன்று தாராளமாகப் புழங்கிய ஸ்பானிய ரியால் பன்னிரண்டரை சென்ட்டுக்குச் சமம்; அரை சென்ட் இல்லாமல் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. 1857 பிப்ரவரியில் வந்த சட்டம் வெளிநாட்டுக் காசுகளின் செல்லுபடியை நீக்கியது; அரை சென்ட்டையும் அதே சட்டம்தான் நிறுத்தியது. கணக்கு மறைந்ததும் விடையும் மறைந்தது.

இருபது சென்ட் காசு 1875இல் வந்தது. ஸ்பானிய ரியால் போன பிறகும் மேற்கு மாநிலங்களில் பொருள்களுக்கு ‘பிட்’ கணக்கில், அதாவது பன்னிரண்டரை சென்ட் கணக்கில், விலை சொல்வது வழக்கம். ஒரு பிட் பொருளுக்குக் கால் டாலரை நீட்டினால் மீதியாகப் பத்து சென்ட்தான் வரும். அதைவிடச் சிறிய சில்லறை அங்கே அரிது. வாங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் நஷ்டம். நெவாடாவின் செனட்டர் ஜான் ஜோன்ஸ் இதற்கு மருந்தாக முன்வைத்ததே இருபது சென்ட். அவருடைய மாநிலம் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்போனது என்பதையும் மறக்க வேண்டாம். கால் டாலரின் குறுக்களவு 24.3 மி.மீ.; இதற்கோ 22 மி.மீ. இரண்டின் முகப்பிலும் அமர்ந்திருப்பவள் அதே சுதந்திர தேவி. இருபது சென்ட்டின் விளிம்பு மட்டும் வரிகளின்றி வழவழப்பாக இருந்தது. மக்கள் குழம்பினார்கள். 1877, 1878 ஆண்டுகளில் சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பிரதிகள் மட்டுமே அடிக்கப்பட்டன. அதோடு கதை முடிந்தது.

மதிப்பு அரசின் விடை என்றால், வகை, அதாவது ஒரே மதிப்புக்குள் வரும் வடிவ வேறுபாடு, அந்த விடையில் விழுந்த திருத்தம். மூன்று சென்ட் வெள்ளிக்காசை லென்ஸின் கீழ் வைத்து ஆறுமுனை நட்சத்திரத்தின் ஓரத்தைப் பாருங்கள். 1851 காசில் கூடுதல் கரைக்கோடு இல்லை. அதில் வெள்ளி 75 சதவீதம்தான். 1854இல் வெள்ளியை 90 சதவீதமாக உயர்த்தியபோது, மாற்றம் கண்ணுக்குத் தெரிய நட்சத்திரத்தைச் சுற்றி இரண்டு கோடுகள் சேர்த்தார்கள். அந்த வடிவம் அச்சில் சரியாகப் பதியவில்லை. 1859இல் ஒரு கோட்டை எடுத்துவிட்டார்கள். 14 மி.மீ. வட்டத்துக்குள் உலோகக் கொள்கையும் பட்டறைச் சிக்கலும் இப்படிப் பதிவாகியிருக்கின்றன. 1864இன் இரண்டு சென்ட் காசும் அப்படித்தான். ‘இன் காட் வீ டிரஸ்ட்’ என்ற வாசகத்தைத் தாங்கிய முதல் புழக்கக் காசு அது. அதில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என இரு வகைகள் உண்டு. ‘காட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்து அகன்றிருந்தால் அரிதான சிறிய எழுத்து வகை. ஒடுங்கியிருந்தால் பெரிய எழுத்து வகை.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. வகை பார்ப்பது வியாபாரிகள் விலையேற்றக் கண்டுபிடித்த வழி என்பது ஒன்று. விலைப்பட்டியல் வகைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் எல்லா வகையும் ஒரே தரமல்ல. 1804இன் அரை சென்ட்டில் தேவியின் மோவாயிலிருந்து முள் நீட்டியிருக்கும். அது அச்சுக்கு நேர்ந்த காயம். நட்சத்திரக் கோடோ யோசித்துச் செய்த மாற்றம். காயம் எது, முடிவு எது என்று பிரித்தறியத் தெரிந்தவரை வெறும் விலைப்பட்டியல் ஏமாற்றாது. இவையெல்லாம் தோற்றுப்போன காசுகள்தானே என்பது அடுத்த மறுப்பு. வெற்றி பெற்ற காசு பழக்கமாகிவிடுகிறது. அதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தோற்ற காசுதான் தன் காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணக்காரர் பொழுதுபோக்கு என்பாரும் உண்டு. கார்சன் சிட்டியில் 1876இல் அடித்த பத்தாயிரம் இருபது சென்ட் காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. மிஞ்சிய சிலவற்றின் விலை நமக்கு எட்டாதுதான். ஆனால் 1875இல் சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். அதே கணக்கு, அதே குழப்பம் அந்தக் காசிலும் இருக்கிறது.

தொடங்குபவர் ஒரே மதிப்பை எடுத்துக்கொள்ளட்டும். மூன்று சென்ட் வெள்ளிக்காசு என்றால் மூன்று நட்சத்திர வகையிலும் தேய்ந்த காசு ஒவ்வொன்று போதும். விளிம்பைப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பாக்கத் தேய்க்கவே வேண்டாம். மேற்பரப்பு போனால் சான்றும் போகும், மதிப்பும் போகும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைப் பிறப்பித்த சட்டத்தின் ஆண்டையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். காரணம் எழுத முடியாத காசை வாங்க அவசரப்பட வேண்டாம்.