உலாப் போகிறவனும் பார்க்கப்படுகிறவளும்: ஞாயிற்றுக்கிழமைக் கேமரா பற்றி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவது சென்னையில் ஒரு நடுத்தர வர்க்கச் சடங்காகவே ஆகிவிட்டது. சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருக்கும் நானும் அதைச் செய்கிறவன்தான். 'தெருப் புகைப்படக்கலை' என்று இதற்குப் பெயர். தெரு என்கிற சொல்லை நம்மால் எப்படி இவ்வளவு வெள்ளந்தியாக உச்சரிக்க முடிகிறது? 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்குக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கு. பெரியார் அங்கே சிறைக்குப் போனது அதற்காகத்தான். 'சாவகாசமாக நடப்பது' என்பதை எல்லோருக்கும் பொதுவான ஒரு செயலாகப் பேசுவதே இங்கு ஒரு மோசடியான சொல்லாடல்.

கோட்பாடு படித்த நண்பர்கள் உடனே பெஞ்சமினைக் கொண்டுவருவார்கள். பாரிசின் கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதிகளில் வேலையற்று உலவும் மனிதனை அவர் வாசித்த விதம் முக்கியமானது, மறுக்கவில்லை. சூசன் சொன்டாக் 1977இல் வந்த நூலில் புகைப்படக்காரனை அந்த உலாவியின் நீட்சியாகக் கண்டதும் சரிதான். ஆனால் அந்த உலாவியை அப்படியே இறக்கி நம் மீன் மார்க்கெட்டில் விட்டால் அவனுக்குச் சாதி இல்லாமல் போய்விடுகிறது. நம்மிடமே உலா என்றொரு பிரபந்த வகை இருக்கிறதே, அதை ஏன் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை?

ஒட்டக்கூத்தரின் மூவருலாவை எடுத்துக்கொள்வோம். சோழன் வீதியில் பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்க்கிறார்கள். நடப்பவன் பார்க்கப்படுகிறான், தெரு பார்க்கிறது. இதை வைத்துத் 'தமிழ்ப் பெண்ணின் நோக்கு' என்று கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம். அவள் எதைப் பார்க்க வேண்டும், பார்த்து எப்படி வளை கழன்று மெலிய வேண்டும் என்பதையெல்லாம் அரசவைப் புலவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். பவனி சேரிப் பக்கம் திரும்புவதும் இல்லை. இருந்தாலும் ஒன்று: தெருவிலிருப்பவருக்கும் கண் உண்டு என்பதை அந்தப் பிரதியால் மறைக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேமரா அதைத்தான் முதலில் மறைக்கிறது. 'இயல்பாக இருங்க, கேமராவைப் பார்க்காதீங்க' என்பதுதானே அதன் முதல் கட்டளை!

சிந்தாதிரிப்பேட்டை 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி வியாபாரத்துக்காக நூற்பவர், நெய்பவர் என்று தொழில் பார்த்து ஆட்களைக் குடியமர்த்திய ஊர். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் இப்படி மருவியது என்பார்கள். இன்று படமெடுக்க வருகிறவர்கள் தறியைத் தேடுவதில்லை, மீன் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். நமக்கு ஓய்வான ஞாயிறு அங்கே முதுகு ஒடிகிற நாள். அரிவாள்மணை முன் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா சார், நீயும் பொட்டிய தூக்கினு வந்துட்டியா? போட்டோ புடிக்கிறவன் முன்னால நிக்கிறான், மீனு வாங்கறவன் பின்னால நிக்கிறான். யாவாரம் பாக்க வேணாமா?" காட்சிக்கும் வியாபாரத்துக்குமான முரண்பாட்டை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கட்டுரையை நான் படித்ததில்லை.

கூவம் கரைக்குப் போனால் கேள்வி வேறு: "கணக்கெடுக்க வந்தீங்களா?" கேமராவோடு வருகிறவன் அங்கே கலைஞன் அல்ல, வெளியேற்றத்தின் முன்னறிவிப்பு. தீவுத்திடலை ஒட்டியிருந்த சத்தியவாணிமுத்து நகர் வீடுகளை 2019 டிசம்பரில் இடிக்கத் தொடங்கி, மக்களை 20 கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயரை மாற்றினார்கள், அது தனிக்கதை.

அப்படியானால் உள்ளிருப்பவன் மட்டும்தான் எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அடையாளச் சான்றிதழ் கேட்கும் வேலை எனக்கு வேண்டாம். ஆனால் ம. பழனிகுமாரின் படங்களைப் பாருங்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். அவருடைய அம்மா மதுரையில் மீன் விற்பவர். அந்த அம்மாவையே அவர் படமெடுத்திருக்கிறார். அதே மீன், அதே ஈரத் தரை. ஆனால் அங்கே உழைப்பு 'வண்ணமயமான காட்சி'யாக உறைந்துபோவதில்லை. அந்தக் கூடையின் கடன் எவ்வளவு என்று தெரிந்தவன் எடுத்த படம் அது. எடுப்பவன் திங்கட்கிழமையும் அங்கேதான் இருப்பான் என்பது படத்துக்குள்ளேயே தெரிகிறது. பிறப்பால் மட்டும் வந்துவிடுவதல்ல இது, கொடுக்கும் காலத்தால் வருவது. வார இறுதி உலாவிக்குக் கொடுக்க இருப்பதோ இரண்டு மணி நேரம்.

இடிபட்ட அந்தச் சந்துகளை நம்மவர்கள் நிறையப் படமெடுத்திருக்கிறார்கள். 'கூவத்தின் முகங்கள்' என்கிற மாதிரித் தலைப்போடு எத்தனை ஹார்ட் டிஸ்க்குகளில் அவை கிடக்கின்றனவோ. இந்த இடத்தில்தான் என் வீடு இருந்தது என்று காட்ட ஒரு படம் வேண்டும் என்று பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர் கிளம்பி வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்? படத்தில் அவர் பெயர் இல்லை. எடுத்தவரின் பெயர் அவருக்குத் தெரியாது.