கொரியத் திரைப்படமும் மரியாதை ஈறுகளும்

இடைநிலைக் கொரிய மொழி பயிலும் இறுதியாண்டு மாணவர் அந்நாட்டுத் திரைப்படங்களைப் பாடமாகக் கொள்ளுதல் வெறும் பொழுதுபோக்கே எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. போங் சூன் ஹோ இயக்கிய 'பாரசைட்' (2019) இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழில் 'வந்தார்' என்னும் வினையின் ஈறு எழுவாயின் உயர்வையே காட்டும். கொரிய வினையோ எழுவாய்க்குரிய உயர்வை '-ஷி-' என்னும் இடைநிலையாலும், கேட்போர்க்குரிய உயர்வை '-யோ' முதலிய ஈறுகளாலும் தனித்தனியே உணர்த்தும். (கொங்குநாட்டு 'வந்தேனுங்க' என்னும் வழக்கு பின்னதனோடு ஒப்புநோக்கத்தக்கது.) இப்படத்தின் ஏழைக் குடும்பத்தார் தம்முள் ஒருவகை ஈற்றையும் செல்வர்முன் வேறொருவகை ஈற்றையும் வழங்குவர். தம் ஓட்டுநர் எல்லையை நெருங்கினும் கடவாதவர் என்றும், அவர்தம் நாற்றமே அதனைக் கடக்கின்றதென்றும் செல்வர் தம் மனைவியிடம் கூறுவர். அவ்வெல்லை யாதெனின், பெரும்பாலும் இவ்வீறுகளால் காக்கப்படுவதே என்க. ஆங்கில அடிவரிகளில் அஃது ஏறக்குறைய முழுதும் மறைந்துவிட்டது.

'ஜாப்பாகுரி' என்னும் உணவுப்பெயரை 'ராம்-டான்' எனப் பெயர்த்ததனைக் குறைகூறுவார் உளர். யாம் அங்ஙனம் கூறோம். இருவகை மலிவான பொட்டல நூடுல்சைக் கலந்தாக்கும் அவ்வுணவில் விலையுயர்ந்த மாட்டிறைச்சி சேர்தலைக் காட்சியே உணர்த்திவிடுகின்றது. ஈற்றின் வேறுபாடோ கேட்டே அறியற்பாலது.

முதனிலை மாணவர் இவ்வீறுகளை மனப்பாடம் செய்வர். அவை மாறும் இடங்களைச் செவியால் உணரப் பழகுவது இடைநிலையிலேயாம். ஆதலின் அடிவரியை மறைத்து ஒரே காட்சியைப் பன்முறை கேட்பித்தலும், ஈறு மாறும் இடந்தோறும் காரணம் எழுதச்செய்தலும் பாடத்திட்டத்தில் இடம்பெறல் வேண்டும்.