கார்மில்லா: இரண்டு ‘போல’

கார்மில்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் காரியமாகச் சொல்லிவிடுவது, அது பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவுக்கு 25 வருஷங்கள் முந்தியது என்பதை. முந்தியதுதான். 1871 கடைசியில் ஒரு பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து, 1872இல் ‘இன் எ க்ளாஸ் டார்க்லி’ தொகுதியின் கடைசிக் கதையாக இடம் பெற்றது. எழுதிய ஷெரிடன் லெ ஃபானு மறு வருஷமே டப்ளினில் காலமானார். ஸ்டோக்கரும் டப்ளின்காரர். ஆனால் ‘முன்னோடி’ என்ற பட்டம் ஒரு படைப்பைப் படிக்காமலேயே அதற்கு மரியாதை செலுத்திவிட நாம் கண்டுபிடித்திருக்கும் சௌகரியமான உபாயங்களில் ஒன்று. பட்டம் கட்டியாயிற்று, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடலாம்.

படிக்கிறவர்களிலும் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். பேய் வந்துவிட்டால் அங்கே வாழ்க்கை இல்லை என்று நம்புகிறவர்கள் ஒரு வகை. ‘காஞ்சனை’யைப் படித்த பிறகும் இப்படி நம்ப முடிகிறது என்பது ஆச்சரியம். இவர்களுக்குக் கார்மில்லா ஒரு வில்லி. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இன்னொரு வகையின் குரல்தான் இன்று உரத்துக் கேட்கிறது. கார்மில்லா வில்லியே அல்ல. பெண்ணொருத்தியைக் காதலித்த குற்றத்துக்காக ஆண்கள் கூடிக் கொன்ற பெண். அவள் குடித்த ரத்தம் வெறும் உருவகம். முதல் வகையைவிட இது எவ்வளவோ மேல், கதையையாவது படித்திருக்கிறார்கள். ஆனால் ரத்தத்தை உருவகம் என்று துடைத்துவிட்டால், செத்துப்போன பெண்களையும் அதே துணியால் துடைத்துவிட வேண்டியிருக்கிறது. அதற்கு நான் தயாராக இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பிரதேசத்தில் காட்டு நடுவே ஒரு கோட்டை மாளிகை. ஆஸ்திரிய அரசாங்கச் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயத் தகப்பனார். தாயை இழந்த 19 வயது மகள் லாரா. நிலவொளியில் ஒரு கோச்சு வண்டி குடை சாய்கிறது. அதில் வந்த சீமாட்டி, தாமதிக்க முடியாத பயணம் என்று சொல்லி, மயங்கிக் கிடக்கும் தன் மகளை மூன்று மாதத்துக்கு அங்கே விட்டுப் போகிறாள். அந்த மகள்தான் கார்மில்லா. லாரா ஆறு வயதில் படுக்கையருகே பார்த்துப் பயந்த அதே முகம். கார்மில்லா தன்னைப் பற்றிச் சொல்வது மூன்றே தகவல்கள்: பெயர், குடும்பம் மிகப் பழையது, வீடு மேற்குத் திசையில் இருக்கிறது. பக்கத்துக் கிராமங்களில் இளம் பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகச் சாகிறார்கள். லாராவும் மெலிகிறாள். இதே விருந்தாளியிடம், மில்லார்கா என்ற வேறு பெயரில், தன் வளர்ப்புப் பெண் பெர்த்தாவைப் பறிகொடுத்த ஜெனரல் ஸ்பீல்ஸ்டார்ஃப் கோடாலியைக் கையில் எடுக்கிறார். கார்ன்ஸ்டைன் பாழ்கோயிலில் கல்லறையைத் திறக்கிறார்கள். 150 வருஷங்களுக்கு முன் புதைக்கப்பட்ட மிர்கல்லா சீமாட்டி உள்ளே மூச்சோடு கிடக்கிறாள். கார்மில்லா, மில்லார்கா, மிர்கல்லா மூன்றும் ஒரே எழுத்துகளைக் கலைத்துப் போட்ட பெயர்கள். தமிழில் எழுதும்போது இந்த வித்தை பாதி மங்கிவிடுகிறது.

ஒரு சொல் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ‘ரத்தக் காட்டேரி’ என்று நம் மொழிபெயர்ப்புகளில் பழகிப்போயிருக்கிறது. காட்டேரிக்கு நம் ஊர்ப்புறங்களில் படையல் உண்டு, நேர்த்திக்கடன் உண்டு. பயந்தாலும் உறவு அறாத தெய்வம் அது. வேம்பயருக்கு எந்த உறவும் இல்லை. இல்லாததுதான் இந்தக் கதையின் பிரச்னையே. ஆகவே வேம்பயர் என்றே எழுதுகிறேன்.

கதை முழுவதையும் சொல்வது லாரா. இதை முக்கியமாகக் கருதுகிறேன். கார்மில்லா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணீரோடும் முத்தங்களோடும் காதில் முணுமுணுக்கும் இடங்களை லாரா எழுதும்போது, மொழி அவள் கையில் தடுமாறுகிறது. அவளை நோக்கி இழுக்கப்படுவதையும், கூடவே அவளிடம் ஓர் அருவருப்பு இருந்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். இரண்டில் இழுப்பே பெரிது என்றும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். இது என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். புத்தி பேதலிப்பா? அல்லது யாரோ ஓர் இளைஞன், சூழ்ச்சிக்காரக் கிழவி ஒருத்தியின் உதவியோடு, பெண் வேஷத்தில் வீட்டுக்குள் புகுந்திருக்கிறானா? இந்த இரண்டாவது யோசனையைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு இது புத்தகத்தின் மிக நுட்பமான இடமாகப் படுகிறது. தனக்கு நேர்வதற்கு ஒரு பெயர் வேண்டும். பழைய கதைப் புத்தகங்களில் கிடைக்கிற பெயர் ‘மாறுவேஷக் காதலன்’ ஒன்றுதான். அதைப் போட்டுப் பார்க்கிறாள், பொருந்தவில்லை, கழற்றி வைக்கிறாள். ஸாஃபோவைத் தொட்டு உலகம் இதற்கு வைத்த பெயர் இருக்கிறது. லாராவிடம் அது இல்லை. எனவே கார்மில்லாவின் வேகத்தை ஒரு காதலனின் வேட்கைக்கு ஒப்பிடுகிறாள். அதாவது ‘போல’ என்கிறாள்.

இதே ‘போல’ கடைசி அத்தியாயத்தில் மறுபடி வருகிறது. எல்லாம் முடிந்த பின், வோர்டன்பர்க் பிரபு என்ற விசித்திரமான பண்டிதர் வேம்பயர்களின் குணங்களை லாராவின் தகப்பனாருக்கு விளக்கியிருக்கிறார். அதை லாரா நமக்கு எழுதுகிறாள். வேம்பயர் சாதாரணமாக நேரே போய்த் தன் இரையை முடித்துவிடும். சில பேரிடம் மட்டும், காதலைப் போன்ற ஒரு வேகத்தோடு ஈர்க்கப்பட்டு, நாள் கடத்தி, நயந்து, அவர்களுடைய அனுதாபத்தையும் சம்மதத்தையும் யாசிக்கும். நாக்கு ருசி தெரிந்தவன் நிதானமாகச் சாப்பிடுவதைப் போல. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

இரண்டு இடத்திலும் எழுதும் கை ஒன்றுதான். உருபும் ஒன்றுதான். முதல் ‘போல’ தெரியாத ஒன்றை நோக்கி நீட்டிய கை. இரண்டாவது ‘போல’ தெரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பவர் வைத்த முத்திரை: காதலைப் போன்றது, எனவே காதல் அல்ல. உவமை என்றால் ஒன்றை இன்னொன்றின் அருகில் கொண்டுவருவது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதே உருபால் ஒன்றை இன்னொன்றிலிருந்து விலக்கவும் முடியும். ‘மனுஷனைப் போல இருக்கிறான்’ என்று யாரையாவது பற்றிச் சொல்லிப் பாருங்கள். கார்மில்லாவின் காதல் காதலா, பசியா என்ற கேள்வி லெ ஃபானுவின் கதையில் இந்த ஒரு சொல்லுக்குள் நடக்கிறது.

இதற்கு வோர்டன்பர்க் சொல்லும் கதையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அவருடைய மூதாதை ஒருவர், மிர்கல்லா உயிரோடிருந்த காலத்தில் அவளைக் காதலித்தவர். அவள் இளம் வயதில் செத்தாள். அவளும் வேம்பயராகியிருப்பாள், கண்டுபிடித்தால் அந்த உடலைச் சிதைப்பார்கள் என்று தெரிந்து, அதைத் தாங்க மாட்டாமல், கல்லறை இருக்கும் இடமே தெரியாதபடி தடயங்களை அழித்துவிட்டார். வயதான பிறகுதான், செய்த காரியம் உறுத்தி, குறிப்புகளையும் ஒப்புதல் வாக்குமூலத்தையும் எழுதி வைத்தார். கணக்குப் பார்த்தால், பெர்த்தா உட்பட இத்தனை பெண்கள் சாவதற்கு அந்த மனிதரின் காதலும் ஒரு காரணம். ஆனால் அவருடைய காதலுக்கு ‘போல’ கிடையாது. கதையில் அது எந்த உருபும் ஒட்டாமல் காதல் என்றே நிற்கிறது. பெண்ணிடம் எழுந்த பெண்ணின் காதலுக்குத்தான் உருபு தேவைப்பட்டிருக்கிறது. இதை லெ ஃபானு திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. 1861 முதல் 1869 வரை டப்ளின் யுனிவர்சிட்டி மேகஸினை நடத்தியவர். தொடர்கதையின் அவசரமெல்லாம் பழக்கமானவர். இந்தக் கதையிலேயே ஓரிடத்தில் சம்பவங்கள் நடந்து 8 வருஷம் ஆயிற்று என்றும், இன்னோரிடத்தில் 10 வருஷத்துக்கு மேல் என்றும் லாரா சொல்கிறாள். கணக்கு உதைக்கிறது. ஆனால் அவசரமாக எழுதுகிறவனின் மொழியில்தான் அவனுடைய காலம் காவல் இல்லாமல் வெளியே வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இரண்டாம் வகை வாசகர்கள் நான் தங்கள் பக்கம் வந்துவிட்டதாக நினைக்கலாம். அவர்களிடம் ஒரு காட்சியைக் காட்ட விரும்புகிறேன். காட்டு அதிகாரி ஒருவரின் மகளுடைய சவ ஊர்வலம் போகிறது. லாரா மரியாதைக்கு எழுந்து நின்று பிரார்த்தனைப் பாட்டில் சேர்ந்துகொள்கிறாள். கார்மில்லாவுக்கு அந்தப் பாட்டு நாராசமாக இருக்கிறது, காதைப் பொத்திக்கொள்கிறாள். செத்தது யார் என்பதில் அவளுக்கு அக்கறை இல்லை, குடியானவர்களைப் பற்றி அவள் தலையைக் குழப்பிக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண்ணுக்குக் கதையில் பெயர் கிடையாது. அதற்கு முன் செத்த பன்றி மேய்ப்பவனின் இளம் மனைவிக்கும் கிடையாது. பெயர் உள்ளவர்கள் பெர்த்தாவும் லாராவும். பெர்த்தா ஜெனரல் வீட்டுப் பெண். லாராவின் தாய் வழி கார்ன்ஸ்டைன் வம்சம். கார்மில்லா யாசித்துக் காதலிப்பது இவர்களைத்தான். மற்றவர்களிடம் அவளுக்கு இருப்பது பசி மட்டும். அவர்களுடைய சம்மதத்தை அவள் கேட்டதில்லை. கோட்டையில் இருப்பவளிடம் முழங்காலிட்டுக் காதல் சொல்லிவிட்டு, குடிசையில் இருப்பவளை ராத்திரியில் தின்றுவிடும் பிரபுத்துவம் இது. ஆண் பிரபுக்களிடம் இது இருந்தபோது நாம் அதை உருவகம் என்று சொல்லவில்லை. இதைப் பார்க்க மறுத்துக் கார்மில்லாவைக் கொடியில் ஏற்றுகிறவர்கள், கார்மில்லாவைப் போலவே, குடியானவர்களைப் பற்றித் தலையைக் குழப்பிக்கொள்ளாதவர்கள். லாராவின் தகப்பனாரும் அப்படித்தான். ஏழை ஜனங்கள் மூடநம்பிக்கையை ஒருவருக்கொருவர் தொற்றவைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் தீர்ப்பு. தன் மகளுக்கு வந்த பிறகுதான் அது நோயாகிறது.

ஆக, ஜெனரல் சொல்வது சரி. கார்மில்லா கொலைகாரி. அவள் உயிரோடிருந்தால் லாரா சாவாள். அந்தக் கோடாலி நியாயமானது. இதை ஒப்புக்கொண்டால்தான் அவலம் அவலமாகிறது. ஜெனரல் வெறும் கொடியவன் என்றால் இது ஒரு கண்ணீர்க் கதை. கார்மில்லா வெறும் பேய் என்றால் இது ஒரு வேட்டைக் கதை. லெ ஃபானு இரண்டு கதவையும் அடைத்துவிட்டார். போதாதென்று கார்மில்லாவும் ஒரு காலத்தில் இரையாக இருந்தவள் என்கிறார். தன் முதல் நடன விருந்தன்று ராத்திரி படுக்கையிலேயே கொலையுண்டிருக்க வேண்டியவள் தான் என்று அவள் மார்பைத் தொட்டுக் காட்டுகிறாள். அதையும் ஒரு கொடூரமான காதல் என்றே சொல்கிறாள். தன்னை அழித்ததற்கு அவள் அறிந்த பெயர் அதுதான். அதே பெயரால் அவள் லாராவை அழைக்கிறாள். பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சம்ஹாரம் நடக்கும் இடத்தில் லாரா இல்லை. இவ்வளவு நெருக்கமாகப் பேசிவந்த குரல் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கிக்கொள்கிறது. அரசாங்கக் கமிஷனின் அறிக்கை நகல் தகப்பனாரிடம் இருக்கிறது. அதிலிருந்து சுருக்கித் தருகிறாள். ஈயச் சவப்பெட்டியில் 7 அங்குல ஆழத்துக்கு ரத்தம். கண்கள் திறந்திருந்தன. மூச்சும் இதயத் துடிப்பும் மெல்ல இருந்தன என்று இரண்டு டாக்டர்கள் சான்று சொன்னார்கள். பிறகு கூரிய முளை நெஞ்சில் இறக்கப்பட்டது, தலை துண்டிக்கப்பட்டது, உடல் எரிக்கப்பட்டது, சாம்பல் ஆற்றில் விடப்பட்டது. இறக்கியது யார், துண்டித்தது யார் என்று தெரியாது. எல்லாம் ‘பட்டது’. வங்கிக் காகிதங்களில் இந்தச் செயப்பாட்டு வினையைத் தினமும் எழுதுகிறவன் என்ற முறையில் இதன் சௌகரியம் எனக்குத் தெரியும். கடன் மறுக்கப்பட்டது, நகை ஏலம் விடப்பட்டது என்று எழுதும்போது கை எவருடையதும் இல்லை. உயிர் இருக்கிறது என்று இரண்டு டாக்டர்கள் அத்தாட்சி கொடுத்த பின் அந்த உயிர் எடுக்கப்படுகிறது. காரியம் விதிப்படி நடந்திருக்கிறது. முளை இறங்கும்போது எழுந்த அலறலும் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அதை மட்டும் செய்ய ஒரு ஆள் இருந்திருக்கிறாள்.

லாரா தன் காதலைத் தன் மொழியில் எழுதினாள். அதன் முடிவை அவள் எழுதக் கிடைத்தது கமிஷனின் மொழியில்தான். தனக்கு என்ன நோய் என்பதைக்கூட அவளிடம் எவரும் சொல்லவில்லை; டாக்டர் தகப்பனாரிடம் தனியாகப் பேசுகிறார், இவளைத் தனியாக விடாதீர்கள் என்று மட்டும் உத்தரவு. எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான். நன்மையும் நடந்துவிட்டது, பிழைத்துக்கொண்டாள்.

சினிமாக்காரர்கள் இந்தக் கதையை விட்டுவைக்கவில்லை. ட்ரெயரின் ‘வாம்பிர்’ (1932) லெ ஃபானுவின் தொகுதியிலிருந்து தன் வேரை எடுத்துக்கொண்டது. அங்கே வேம்பயர் ஒரு கிழவி, காதல் இல்லை. ஆனால் மூடுபனி போன்ற அந்த வெளிச்சத்தில் லெ ஃபானுவின் மூச்சு இருக்கிறது. 1970இல் ஹாமர் கம்பெனி எடுத்த ‘தி வேம்பயர் லவர்ஸ்’ படத்தில் காதல் இருக்கிறது, உடல்கள் தாராளமாக இருக்கின்றன, லாராவின் குரல் இல்லை. காமிரா ஜெனரலின் இடத்தில் நிற்கிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

லாராவும் உயிரோடில்லை என்பதைக் கதையின் முன்னுரையிலேயே போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். வேம்பயரால் சாகிறவர்கள் பெரும்பாலும் வேம்பயராகிறார்கள் என்ற விதியை வோர்டன்பர்க் சொல்லும்போது, கவனமாகப் படிக்கிறவனுக்கு அந்த முன்னுரை ஞாபகம் வரும். லாரா எதனால் செத்தாள் என்று லெ ஃபானு சொல்லவில்லை. நாமும் அவசரப்பட வேண்டாம். அவளுடைய கடைசி வாக்கியம் போதும். வருஷங்கள் கழித்தும் கார்மில்லா அவளுக்கு மாறி மாறித் தோன்றுகிறாள்: சில சமயம் விளையாட்டுத்தனமான, சோர்ந்த, அழகிய பெண்ணாக, சில சமயம் பாழ்கோயிலில் பார்த்த பிசாசாக. ஏதோ நினைவில் இருக்கும்போது கூடத்து வாசலில் அந்த மெல்லிய காலடி கேட்டதாக நினைத்துத் திடுக்கிடுகிறாள். கமிஷன் அறிக்கையைப் படித்தவள், கல்லறையில் கண்டெடுத்த உடலின் சட்டபூர்வமான பெயர் மிர்கல்லா, கார்ன்ஸ்டைன் சீமாட்டி என்பது தெரிந்தவள். ஆனாலும் அந்தக் காலடி கார்மில்லாவுடையது என்றே எழுதுகிறாள்.