பந்தியில் ஓர் இடம்: தமிழ்க் கிறிஸ்தவ எழுத்தில் மீட்பு

பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டித் திருப்பரங்குன்றம் சாலையில் போனால், பஸ் வேகம் பிடிப்பதற்குள் பசுமலை வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன், திருமங்கலத்தில் நடத்திவந்த செமினரியை 1845இல் அந்தக் குன்றடிக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் மிஷனுக்குள் பெரிய சச்சரவு எழுந்தது. சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று 1847இல் முடிவெடுத்தார்கள். சாதியை விட்டதற்கு அடையாளம், எல்லாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. உபதேசியார்கள், செமினரி மாணவர்கள் என்று பலர் அதற்கு உடன்படாமல் வெளியே போனார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதம் படித்தவர்கள், நாளை பிரசங்க மேடையில் ஏறவேண்டியவர்கள். அவர்களுக்கு அடுத்த இலையில் இருந்தவரை ஏற்க முடியவில்லை.

உடைந்த வாழ்க்கையையும் மீட்பையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது இந்தப் பந்தி என் மனதைவிட்டுப் போவதில்லை. மனிதன் முழங்காலில் விழுகிற நாளைப் பற்றி நம் பக்தி எழுத்து நிறையச் சொல்லியிருக்கிறது. மறுநாள் அவனுக்கு யார் வேலை கொடுத்தார்கள், யார் பெண் கொடுத்தார்கள், எந்த வீட்டில் இலை போட்டார்கள் என்று சொன்ன எழுத்து குறைவு. காலத்தைத் தாண்டி நிற்பது அந்தக் குறைவான எழுத்துதான் என்பது என் துணிபு.

முதல் வகைக்கு உச்சம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்த ஜான் பனியனின் கதையைக் கம்பனின் நடைக்குக் கொண்டுவந்து 1894இல் நூலாக்கினார். அதில் வரும் யாத்திரிகன் பாவச்சுமையோடு நாச நகரத்தைவிட்டுக் கிளம்புகிறான். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. தமிழ்ச் செய்யுளின் பெருமிதமான தருணங்களில் அது ஒன்று. ஆனால் அவன் வழிநடை பெரும்பாலும் தனிநடை. ஊர் என்றால் விட்டு ஓடவேண்டிய இடம்.

பாடலின் வழியும் ஏறக்குறைய இதுவே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் மற்றவர்கள் இயற்றியவையும் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் பாதிரியாரின் முயற்சியால் 1853இல் தொகுக்கப்பட்டன. இன்றும் ஞாயிறு காலையில் பாடப்படுபவை அந்த மரபில் வந்தவை. பாவியான நான், இரங்குகிற நீர் என்ற இருவரின் பேச்சாகவே பெரும்பாலானவை அமைந்திருக்கின்றன. மூன்றாம் ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இடத்தை, தன் மனமாற்றத்தைச் சபைமுன் சொல்லும் சாட்சி பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் புழங்குகிற வாழ்க்கை வரலாற்று வடிவம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். இலக்கிய வரலாறுகள் அதைக் கண்டுகொள்ளாதது பெருங்குறை. தற்கொலை எண்ணத்தோடு ரயில் தண்டவாளத்தை நோக்கிப் போன தன் 1955ஆம் ஆண்டின் நாளை, நற்செய்தியாளர் டி. ஜி. எஸ். தினகரன் வாழ்நாளெல்லாம் மேடையில் சொல்லிவந்தார். அந்தச் சாட்சியின் அச்சில் எத்தனையோ ஆயிரம் சாட்சிகள் பிறந்தன. பழைய வாழ்க்கை, வீழ்ச்சி, ஒரு வசனம், கண்ணீர், புது வாழ்க்கை என்று அதற்கு ஒரு கட்டு உண்டு.

ஜெய்ஹிந்துபுரம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபவீடு ஒன்றில் லோடுமேன் ஒருவர் சாட்சி சொல்லக் கேட்டேன். கீபோர்டு மெல்ல வாசிக்க, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடியையும் மனைவியை அடித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். சபை கை தட்டியது. கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது வேறொன்று சொன்னார்: “தண்ணியடிக்கிறத விட்டு நாலு வருசமாச்சு, பிரதர். எங்க தெருவுல இன்னும் ஒரு விசேசத்துக்குக்கூட எனக்குப் பத்திரிக்கை வரல. பழைய ஆளுன்னுதேன் நெனைக்கிறாக.” மைக்கில் வராத இந்த இரண்டாம் பகுதியில்தான் இலக்கியம் இருக்கிறது. அவர் விட்டொழித்ததைப் பற்றிக் கேட்க நூறு பேர் இருந்தார்கள். இன்னும் காத்திருப்பதைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை.

அந்த இரண்டாம் பகுதியைத் தொட்ட எழுத்துக்களுக்கு வருகிறேன்.

காலத்தால் முந்தியது கிளாரிந்தாவின் வாழ்க்கை. தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படையதிகாரியோடு வாழ்ந்தார். வேதம் கற்று ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் வாழ்கிறார் என்று மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்ட அந்தச் சபையின் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். 1785இல் அவர் கட்டிய ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றார்கள். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் கையாலேயே நெல்லைத் திருச்சபையின் கதவு திறந்தது. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவலைச் சரோஜினி பாக்கியமுத்து தமிழுக்குக் கொண்டுவந்தார். கிறிஸ்தவரல்லாத ஒருவர் அந்தப் பெண்ணை இவ்வளவு மரியாதையோடு எழுதியது, சபைக்காரர்கள் நன்றியோடு நினைக்கவேண்டிய ஒன்று.

புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’ கதையில் ரெவரெண்டு ஜான் ஐயர் ஒரு தலித் சிறுவனைப் படிக்கவைத்து ஆளாக்குகிறார். அவன் அவர் மகளை விரும்பியதும் வீட்டைவிட்டுத் துரத்துகிறார். மதம் மாறியும் மாறாதது எது என்பதை இத்தனை சிறிய கதையில் இத்தனை கூர்மையாக வேறு எவரும் சொன்னதில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) இதே சுவரை மென்மையான கையால் தொடுகிறது. நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். அவர்கள் மணமேடைக்கு வந்துசேர நாவல் முழுவதும் தேவைப்படுகிறது.

தீராத கேள்வியோடு நிற்பது, கொள்ளையன் என்று தேடப்பட்ட ஜம்புலிங்கத்தின் கதை. பொய்வழக்கால் காட்டுக்குள் விரட்டப்பட்டவன் என்று தென்மாவட்ட மக்கள் அவனைக் கதைப்பாடலில் வைத்துப் பாடினார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1901 முதல் டோனாவூரில் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அவனைச் சந்தித்தார். பிடிபட்ட பிறகு அவன் ஞானஸ்நானம் பெற்றான். நம் சாட்சிக் கட்டு இங்கே முடிந்திருக்கும். ஆனால் அவன் சிறையிலிருந்து தப்பினான். 1923இல் போலீஸ் அவனைச் சுட்டுக் கொன்றது. ஏமி அம்மையார் அதோடு அவனைக் கைகழுவவில்லை. அவனைப் பற்றித் தனி நூலே எழுதினார். தப்பி ஓடிய ஞானஸ்நானக்காரனைத் தன் பிள்ளையாகவே எண்ணி எழுதும் துணிவு நம் மிஷனரி எழுத்தில் அபூர்வம்.

உடைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது உடைத்தது யார் என்றும் கேட்கவேண்டும். பழங்காநத்தத்துக்கு மேற்கே, நாகமலைப் பக்கம் இருக்கிறது கீழக்குயில்குடி. குற்றப்பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்மேல் முதலில் பாய்ந்த ஊர் அது, ஆண்டு 1914. ஊர்க்காரர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஆண்கள் கைரேகை வைத்து, இரவில் போலீஸ் சொன்ன இடத்தில் படுக்கவேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல். ஒரு சாதியையே திருடர்கள் என்று சர்க்கார் முத்திரை குத்தியபோது மிஷனரி அறிக்கைகள் பல அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. சர்க்காரோடு சேர்ந்து இரட்சணிய சேனை ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளை நடத்தியது. அங்கே நல்லெண்ணம் இருந்தது, கல்வி இருந்தது, உழைப்பு இருந்தது, காவலும் இருந்தது. காவலோடு வரும் மீட்பை அந்தச் சேனையின் பெயரால்கூட என்னால் ஏற்க முடியவில்லை. மதுரை மண்ணின் அந்தக் காயத்தைப் பெரிய அளவில் புனைவாக்கியது சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008).

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. ஐடியாஸ் என்ற சேசு சபை மையம் அச்சிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யக் கன்னிமடத்தில் சேர்ந்த பெண், அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறி எழுதிய புத்தகம். அதில் ஓர் இடத்தில் அவருடைய பாட்டி, வேலைசெய்யும் நாயக்கர் வீட்டில் பாத்திரத்தைக் கீழே வைத்து ஒதுங்கி நிற்கிறார். மிச்சச் சோறு தொடாமல் அதில் கொட்டப்படுகிறது. கேட்ட பேத்திக்குப் பாட்டி சொல்லும் சமாதானத்தில் கோபமே இல்லை, அதனால்தான் நமக்குச் சுடுகிறது. பைபிளின் கடவுளைப் பாமா விடவில்லை. நீதி கேட்கிற கடவுள் என்று கண்டுகொண்டு, மடம் சொன்ன பணிவை விட்டார். என்னைக் கேட்டால், தமிழில் எழுதப்பட்ட மிக உண்மையான சாட்சி நூல் இதுதான். அவர் அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002) வேறு வழியில் போகிறது: படித்த சிலுவைராஜ் கடைசியில் வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. ஊர் அவனைப் பறையன் என்கிறது, சர்க்கார் இல்லை என்கிறது.

இத்தனைக்கும் மதுரையிலேயே ஒரு விடை பிறந்தது. அரசரடியில் மத்திய சிறைச்சாலைக்கு அருகிலேயே இருக்கிறது 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே பல ஆண்டு கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாடல் கட்டினார். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று அழைத்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் அதை உண்ணவேண்டும் என்பது அவர் இறையியலின் நடு. பசுமலையில் 1847இல் மேலிருந்து சட்டமாக வந்தது, அரசரடியில் கீழிருந்து பாட்டாக வந்தது. தமிழ்ச் சபைகள் ஆண்டுதோறும் போடுகிற அசனம் என்ற பொது விருந்தை அவரைப்போல் நம்பியவர்கள் குறைவு.

பந்தியின் இந்த வலிமையைத் தமிழர் அறிந்த வேற்றுநாட்டுக் கதை ஒன்றும் காட்டுகிறது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கிய விக்டர் யூகோவின் நாவல், நாகையா நடிப்பில் 1950இல் படமாகவும் வந்தது. அதில் சிறை மீண்ட ஒருவனுக்கு ஆயர் வெள்ளி விளக்குத்தண்டுகளைக் கொடுத்ததையே எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய இரவில் அந்தச் சிறை மீண்டவனைத் தன் மேசையில் உட்காரவைத்து ‘ஐயா’ என்று அழைத்துச் சோறு போட்டாரே, அங்கேயே காரியம் தொடங்கிவிட்டது.

நம்மிடம் இல்லாதது ஒன்றுதான்: சாட்சிகளின் இரண்டாம் பகுதி. சிறையிலிருந்து வந்தவர், குடியை விட்டவர், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பெண் ஆகியோர் ஞானஸ்நானத்துக்குப் பிந்தைய ஐந்து, பத்து ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே, பெயரை மறைத்து, யாராவது தொகுக்கவேண்டும். இறையியல் மாணவர்களும் தமிழ்த்துறை ஆய்வாளர்களும் இதைச் சேர்ந்து செய்யலாம். சபைப் பத்திரிகைகள் மாதம் இரண்டு பக்கம் ஒதுக்கினாலே போதும். சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பழங்காநத்தத்திலிருந்து தொடங்குங்கள்.