திக்கற்றவளா, திசை கண்டவளா?

ஒரகடத்துச் சாலையோரம், பொழுது புலருமுன்னே ஆலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் இளநங்கையரைக் காண்கிறோம். சீருடை அணிந்து, தூக்கம் கலையாத கண்களுடன் நிற்கும் அவர்களில் பலர் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புவோர். அங்கே தந்தை குடிப்பவரானால், அப்பணம் அடுப்படிக்குப் போகுமா, மதுக்கடைக்குப் போகுமா? இக்கேள்வியோடு வாழும் பெண்ணிடம் எந்தக் கதையைக் கொடுப்பது?

இராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி' நம்மிடம் உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர் அவர். 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் அக்கதையைத் திரைப்படமாக்கினார். கருப்பன் குடிக்கிறான், கடன் ஏறுகிறது, அத்தனை துயரும் மனைவி பார்வதியின் தலையில் விழுகிறது. படிப்போர் நெஞ்சில் இரக்கம் சுரக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தலைப்பே தீர்ப்பாகிவிட்டதே! திக்கற்றவள் என்று பெயர் சூட்டிய பிறகு, திசை தேடும் உரிமை அவளுக்கு ஏது? குடியின் கேட்டுக்குச் சான்றாக நிற்கிறாள் பார்வதி. தனக்கென ஒரு மனம் படைத்த மாந்தராக வளரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் பெட்டி சுமித் 1943-இல் வெளியிட்ட 'புரூக்ளினில் ஒரு மரம் வளர்கிறது' என்னும் புதினத்தை அருகே வைத்துப் பார்ப்போம். தந்தை ஜானி குடிகாரன், ஆயினும் அரக்கனல்லன். இனிமையாகப் பாடுவான். மகள் பிரான்சி நல்ல பள்ளியில் பயிலப் பொய் முகவரி தந்தேனும் இடம் பெற்றுத் தருவான். தாய் கேட்டி, வாடகைக்கு ஈடாகக் குடியிருப்புகளைத் துடைத்துக் குடும்பத்தைக் காப்பவள். அவளே, மகனை உயர்நிலைப் பள்ளிக்கும் மகளை வேலைக்கும் அனுப்புகிறாள்! அன்பு காட்டுபவன் குடும்பத்தைக் கெடுக்கிறான்; காப்பவள் அநீதி இழைக்கிறாள். குடி புகுந்த வீட்டின் உண்மை இதுவன்றோ?

பிரான்சி இருவரையும் நேசிக்கிறாள்; இருவரின் குறையையும் அறிகிறாள். தந்தை மறைந்தபின், பதினான்கு வயதில், செயற்கைப் பூச்செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறாள். படிப்பின்மீது கொண்ட வேட்கையை மட்டும் விடவில்லை. இறுதியில் பல்கலைக்கழகம் நோக்கிப் புறப்படுகிறாள்.

குடிகாரனை அரக்கனாக்கினால், தந்தையை நேசிக்கும் மகள் அக்கதையை நம்பமாட்டாள். மகளைப் பலிகடாவாக்கினால், அவள் தன்னையே நம்பமாட்டாள். ஆகவேதான் மாந்தர் படைப்பைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

குடி குடியைக் கெடுக்கும் என்பதை ஊரறியும். 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பதும் அரசு நிறுவனமே என்பதையும் நாடறியும். கெட்ட குடியிலிருந்து எழுந்து, தன் சம்பளத்துக்குக் கணக்குக் கேட்கும் மகளை நம் எழுத்தாளர்கள் படைத்துக் காட்டட்டும். ஒரகடத்துப் பேருந்தில் அவள் ஏறிக்கொண்டிருக்கிறாள். ஏட்டில் ஏறுவது எந்நாளோ?