உருவமும் ஏவலும்: சிறார் நூல்களில் எந்திர மனிதன்

'ரோபோ' என்னும் சொல் 1920இல் வெளிவந்த காரல் சாபெக்கின் நாடகத்தின் வழியே உலக மொழிகளுக்குப் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். தமிழில் வழங்கும் 'எந்திர மனிதன்' என்பதோ உருவத்தைச் சுட்டி, உழைப்பை மறைத்துவிடுகிறது. சிறார்க்கான கைவினை நூல்களும் பெரும்பாலும் இவ்வுருவத்தோடு நின்றுவிடுகின்றன. அட்டைப்பெட்டி உடலாக, பாட்டில் மூடி கண்ணாக, 'வெட்டுக, ஒட்டுக, வண்ணம் தீட்டுக' என ஏவல்கள் தொடர்கின்றன. எந்திரம்போல் ஏவலுக்கு உட்படுவது இங்குக் குழந்தையே என்பது நோக்கத்தக்கது.

டெட் ஹியூசின் 'தி அயர்ன் மேன்' (1968) இதற்கு முற்றிலும் மாறானது. செங்குத்துப் பாறையிலிருந்து வீழ்ந்து சிதறிய இரும்பு மனிதனின் உறுப்புகள் கடற்கரையில் தாமே ஒன்றையொன்று தேடிக் கூடுகின்றன. கையொன்று கண்ணைப் பற்றிக்கொள்கிறது. அக்கண்ணின் துணையால் ஏனைய உறுப்புகளைத் தேடுகிறது. ஒரு காது மட்டும் அகப்படுவதில்லை. கடற்பறவைகள் அதனைக் கொண்டுபோய்விட்டன. அக்குறையோடே அவன் கடலுக்குள் நடக்கிறான். மாதிரிப் படத்தில் உள்ளவாறே எல்லாம் பொருந்தவேண்டும் என்னும் கைவினை நூலில் இத்தகைய காட்சிக்கு இடமேது?

பீட்டர் பிரவுனின் 'தி வைல்ட் ரோபோ' (2016) ஏவல் பற்றிய வினாவை இன்னும் நேராக எழுப்புகிறது. மனிதரற்ற தீவில் விழித்தெழும் ரோஸ் என்னும் எந்திரத்தை ஏவுவார் எவருமிலர். அது விலங்குகளைக் கண்டு கற்கிறது. தாயற்ற காட்டு வாத்துக்குஞ்சொன்றை வளர்க்கிறது. இந்நூலைப் படித்து முடித்த வகுப்பில் அச்சிட்ட ரோஸ் படத்தை வெட்டி ஒட்டச் செய்வது கதையையே கைவிடுவதாகும். மாதிரிப் படம் தராது, கழித்த பொருள்களைக் குழந்தைகள்முன் குவித்து, செய்த பொம்மை யாருக்காக எதைச் செய்யும், எதைச் செய்ய மறுக்கும் என எழுதச் சொல்லும் நூல்களே இத்துறையில் இன்று வேண்டப்படுவன.