எந்த விலங்கில் என்று கேளுங்கள்

கரு கருப்பையில் பதியும்போது அதிலிருந்து கோரியானிக் கொனடோட்ரோப்பின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது சூலகத்திலுள்ள கார்பஸ் லூட்டியத்தை அழியாமல் காக்கிறது. பின்னர் நஞ்சுக்கொடி அதன் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. பாலூட்டிகளின் இனப்பெருக்கம் என்ற பாடத்தில் இந்த விளக்கத்தை ஏதேனும் ஒரு வடிவில் நீங்கள் படித்திருப்பீர்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பீர்கள்.

இதில் பிழை இல்லை. ஆனால் ஒரு பெருங்குறை உண்டு. எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இந்த விளக்கம் சொல்வதில்லை. தலைப்போ பாலூட்டிகள், செய்தியோ மனிதரையும் குரங்கினங்களையும் பற்றியது. இது ஒரு குறையா என்று கேட்கலாம். ஆம், பெரிய குறைதான். அதைக் காட்டவே இக்கட்டுரை.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியபின், அது இருந்த நுண்பை வேறோர் உருவம் எடுக்கிறது. அதுவே கார்பஸ் லூட்டியம். தமிழில் மஞ்சள் உடலம் எனலாம். அது சுரக்கும் புரொஜெஸ்டிரோன் கருப்பையின் உட்சுவரைக் கருவுக்கு ஏற்றதாக்குகிறது. கருப்பைத் தசைகள் சுருங்காமல் அடக்கியும் வைக்கிறது. கரு தங்காவிட்டால் மஞ்சள் உடலம் பொதுவாகச் சில நாட்களில் சுருங்கி விடும்.

இதன் இன்றியமையாமையைச் சோதனையால் நிறுவியவர் ஜெர்மானிய மருத்துவரான லுட்விக் ஃபிரெங்கல். சினை முயல்களின் மஞ்சள் உடலங்களை அவர் அழித்துப் பார்த்தார், கருக்கள் நிலைக்கவில்லை. 1903-இல் அவருடைய விரிவான ஆய்வு வெளியாயிற்று. 1929-இல் அமெரிக்காவில் கார்னரும் ஆலனும், சூலகம் நீக்கப்பட்ட முயல்களுக்கு மஞ்சள் உடலத்தின் சாற்றை ஊசி வழியே செலுத்திச் சினையைக் காத்தனர். 1934-இல் புரொஜெஸ்டிரோன் தூய படிகமாகக் கிடைத்தது.

கவனியுங்கள்: இந்தச் சோதனைகள் முயலில் நடந்தவை. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். அதன் இறுதிவரை அதற்குச் சூலகம் வேண்டும். பிற விலங்குகளில் எப்படி?

செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஏறத்தாழ ஐந்து மாதம் சுமந்து குட்டி ஈனுபவை. செம்மறியாட்டில் 50 அல்லது 55 நாட்களுக்குப்பின் சூலகத்தை நீக்கினாலும் சினை நிலைக்கும்; நஞ்சுக்கொடியே போதிய புரொஜெஸ்டிரோனைச் சுரந்துவிடுகிறது. வெள்ளாட்டிலோ எந்த மாதத்தில் மஞ்சள் உடலத்தை அழித்தாலும் சினை கலைந்துவிடும். பன்றியும் அப்படியே. பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். அதில் ஏறத்தாழ 200 நாட்கள்வரை மஞ்சள் உடலத்தின் துணை வேண்டும். மனிதரில் இந்தக் கைமாற்றம் 7 முதல் 9 வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

குதிரையின் கதை இன்னும் விந்தையானது. சினையான ஐந்து ஆறு வாரங்களில் கருவின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து கிண்ணம்போன்ற அமைப்புகளை உண்டாக்குகின்றன. அவை சுரக்கும் ஹார்மோனின் துணையால் தாயின் சூலகத்தில் புதிய மஞ்சள் உடலங்கள் தோன்றுகின்றன. பின்னர் இவையும் மறைய, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கிறது. ஏறத்தாழ 22 மாதம் சுமக்கும் யானையின் சூலகத்திலும் பல மஞ்சள் உடலங்கள் உண்டு. ஆனால் யானையின் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் மிகக் குறைவு; அதன் நெருங்கிய உறவான வேறு சேர்மங்களே மிகுதி.

நாயைப் பாருங்கள். சினையானாலும் ஆகாவிட்டாலும் அதன் மஞ்சள் உடலம் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடிக்கிறது. ஆகவே 'நான் வந்துவிட்டேன்' என்று கரு தாய்க்குச் சேதி அனுப்பவேண்டிய தேவையே இல்லை!

அந்தச் சேதியிலும் ஒரே முறை இல்லை. 1923-இல் லியோ லோப் என்ற ஆய்வாளர் கினிப்பன்றிகளின் கருப்பையை நீக்கினார். மஞ்சள் உடலம் வழக்கத்தைவிட நெடுநாள் வாழ்ந்தது. அதை அழிப்பது கருப்பையே என்று இதிலிருந்து தெரிந்தது. செம்மறியாட்டிலும் கருப்பை புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, அடுத்திருக்கும் சூலகத்துக்கு அனுப்பி, மஞ்சள் உடலத்தைச் சிதைக்கிறது. அதன் கரு செய்வது என்ன? இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து, கருப்பை அந்தப் பொருளை அலையலையாக வெளிவிடாதபடி தடுக்கிறது. அதாவது மனிதக் கரு மஞ்சள் உடலத்துக்கு ஊக்கம் கொடுக்கிறது; ஆட்டின் கருவோ அதன்மீது விழவிருக்கும் அடியைத் தடுக்கிறது. வைரஸ்களை எதிர்க்கும் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்த இன்டர்ஃபெரான் என்பது 1987-இல் தெரியவந்தது. பன்றியின் கருவோ இப்பணிக்கு ஈஸ்ட்ரோஜனைப் பயன்படுத்துகிறது.

இந்த வேறுபாடுகள் ஆய்வுக்கூடத்தோடு நிற்பவை அல்ல. மாடுகளும் ஆடுகளும் பருவத்துக்கு வருவதற்காகக் கால்நடை மருத்துவர்கள் புரொஸ்டாகிளாண்டின் ஊசி போடுவதுண்டு. சினையுள்ள வெள்ளாட்டுக்கு அறியாமல் போட்டால் குட்டி போய்விடும். சினை முற்றிய செம்மறியாட்டில் நிலை வேறு. 'பாலூட்டிகளில்' என்று பொதுவாகப் படித்தவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

இந்த விளக்கத்தின் இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. தொட்டியில் நீர் குறைந்தால் ஊற்றிவிடலாம் என்பதுபோல, ஹார்மோன் குறைந்தால் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தை அது மனத்தில் ஊன்றுகிறது. இந்த எண்ணம் செய்த தீங்கு சிறிதல்ல.

1938-இல் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் உருவாக்கப்பட்டது. அதைக் கொடுத்தால் தாயின் உடலில் புரொஜெஸ்டிரோன் பெருகும், கருச்சிதைவு தவிரும் என்று பாஸ்டன் நகரின் ஸ்மித் தம்பதியர் கருதினர். கருவுற்ற பெண்கள் பெருந்தொகையாக அதை உட்கொண்டனர். 1953-இல் சிகாகோவில் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்தது. மருந்தால் பயன் இல்லை என்பது தெரிந்தது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. 1971-இல் எட்டு இளம்பெண்களுக்கு யோனியில் வந்த அரிய புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் ஏழு பேரின் தாய்மார் கருவுற்றிருந்தபோது அந்த மருந்தை உண்டவர்கள். அவ்வாண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. ஹார்மோன் குறைவு கருச்சிதைவுக்குக் காரணமா, அல்லது நலிந்துவரும் கருவின் விளைவா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் ஹார்மோன் சிகிச்சையே வீணா? அப்படிச் சொல்வதும் நியாயமல்ல. 2019-இல் பிரிட்டனில், கருவுற்ற தொடக்கத்தில் இரத்தக்கசிவு கண்ட 4,153 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. புரொஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினரும், மருந்தில்லாப் போலி மாத்திரை பெற்றவர்களில் 72 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். இச்சிறு வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் முன்பே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கரு கலைந்தவர்களில் மட்டும் அது 72-க்கு 57 என்று விரிந்தது. இங்கேயும் 'எவருக்கு?' என்ற கேள்வியே முதன்மை பெறுகிறது.

பாடத்தின் சுருக்கத்தை நான் குறை கூறவில்லை. கருவுற்றதை அறியும் சிறுநீர்ச் சோதனை அந்த விளக்கத்திலுள்ள ஹார்மோனை நம்பியே நடைபெறுகிறது. ஆனால் 'பாலூட்டிகளில்' என்னும் இடத்தில் 'மனிதரில்' என்று எழுதி, 'பிற விலங்குகள் வேறு வழிகளைக் கையாளுகின்றன' என்று ஒரு வரி சேர்க்க எத்தனை இடம் வேண்டும்?

பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மாணவர்களே. அடுத்தமுறை ஆசிரியர் இப்பகுதியை நடத்தும்போது பணிவுடன் எழுந்து, "ஐயா, இது எந்த விலங்கில்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் மகிழ்வார். வகுப்பும் வெள்ளாட்டையும் யானையையும் அறிந்துகொள்ளும்.